அதே மெழுகுக் கட்டி

மார்ச் 4

பூதக்கண்ணாடிக்கு,

போனில் சொல்லியிருக்கலாம்தான். இரண்டு தடவை உன் எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். போனில் பேசினால் நீ டாக்டராகிவிடுவாய், நானும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வைத்துவிடுவேன். எழுதிக் கேட்டால் நீ பதில் எழுதித்தானே ஆக வேண்டும்.

நேற்று டாக்டரம்மா என்னையும் அத்தானையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஏழு மாதமாக மாத்திரை சாப்பிட்டதில் மார்புக் கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது. நுரையீரலில் இருக்கிற புள்ளி மட்டும் வளர்ந்திருக்கிறது. ஆகஸ்டில் சட்டைப் பொத்தான் அளவு இருந்தது, இப்போது கோட்டுப் பொத்தான் அளவு. இருபத்தெட்டு வருஷம் சட்டை பரிசோதித்தவளுக்கு மில்லிமீட்டரில் சொன்னால் மனசில் ஏறாது என்று நானே படத்தைப் பார்த்து மாற்றிக்கொண்டேன்.

டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ரெண்டும் ஒரே நோய்னா, ஒரே மாத்திரைக்கு ஒண்ணு சுருங்கி ஒண்ணு எப்படி வளரும்?" என்றார். ஆகஸ்டில் நுரையீரலில் ஊசி விட்டுத் துணுக்கு எடுத்தார்களே, அதை மெழுகில் பதித்து வைத்திருந்த கட்டி இங்கே ஆஸ்பத்திரி அலமாரியில்தான் இருந்ததாம். அதைப் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, வேறு ஏதோ சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பதில் வந்துவிட்டது. அது மார்பிலிருந்து பரவியதே இல்லையாம். நுரையீரலில் தனியாக முளைத்த இன்னொரு புற்றுநோயாம்.

ஆக, எனக்கு இரண்டு. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று சொன்னேன், அத்தான் சிரிக்கவில்லை.

இரண்டும் தனித்தனி என்றால் இரண்டுமே ஆரம்பக் கட்டம்தான், இரண்டையும் வெட்டி எடுத்துவிடலாம், கடைசி நிலை என்று சொன்னதையெல்லாம் மறந்துவிடுங்கள் என்றார் டாக்டரம்மா. நான் அதற்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்டில் அந்தத் துணுக்கைச் சீவி ஒட்டிய கண்ணாடித் தகட்டை நான் உனக்கு அனுப்பினேனே, அதைப் பார்த்தது நீதானே? பரவியதுதான் என்று கையெழுத்துப் போட்டதும் நீதான். கோபத்தில் கேட்கவில்லை, விளங்காமல் கேட்கிறேன். ஒரே ஆளுக்கு இரண்டு எப்படி வரும்? வந்தால் அது உனக்கு எப்படித் தெரியாமல் போகும்?

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இது நல்ல செய்தி. முதலில் அதை நீ மனதில் இருத்திக்கொள்ள வேண்டும்.

ஒரே நபருக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு புற்றுநோய்கள் வருவது உண்டு. மார்பில் ஒன்று இருக்கும்போது நுரையீரலில் ஒற்றைப் புள்ளி தெரிந்தால், அது பரவியதாகவும் இருக்கலாம், தனியாகவும் இருக்கலாம். சாதாரணச் சாயத்தில் இரண்டும் நுண்ணோக்கியில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். தவிர, ஊசியில் எடுக்கப்படும் மாதிரி மிகச் சிறியது. இத்தகைய சூழலில் ஆரம்பத்தில் ஒரு முடிவு எடுக்கப்பட்டு, பின்னர் அது திருத்தப்படுவது மருத்துவத்தில் நடக்கக்கூடியதே.

இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம். முதலில் நுரையீரலில் அந்தப் பகுதியை எடுக்க வேண்டும். ஆறு வாரம் கழித்து மார்பு. டாக்டரம்மா சொல்வதுதான் சரியான வழி. தயவுசெய்து நாள் கடத்தாதே. கோட்டுப் பொத்தான் அளவில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

அத்தானையும் உன் மகளையும் விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

கடிதம் வந்தது. யாருடைய கடிதம் என்று உறையைத் திருப்பி இரண்டு தடவை பார்த்தேன். 'முடிவு எடுக்கப்பட்டு', 'திருத்தப்படுவது'. யார் எடுத்தார்கள்? தானாக எடுத்துக்கொண்டதா? எங்கள் தொழிற்சாலை மேலாளர்கூட, லாரி லாரியாகச் சட்டை திரும்பி வந்தபோது இவ்வளவு நன்றாக மழுப்பியதில்லை.

நான் பன்னிரண்டாவதோடு நின்றவள். ஆனால் துணி தெரியும். ஒரே நீலம் என்று இரண்டு துணி உருட்டு வரும். சாதாரண விளக்கில் வித்தியாசமே தெரியாது. நான் இரண்டிலும் ஒரு முழம் வெட்டி, வெள்ளை விளக்குப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் தையலுக்கு விடுவேன். பார்க்காமல் விட்டால் சட்டைக்கு உடம்பு ஒரு நிறம், கை ஒரு நிறம். விளக்குப் பெட்டி வேலை செய்யவில்லை என்றால் சரியாகும்வரை நிறுத்தி வைப்பேனே தவிர, குத்துமதிப்பாக விட்டதில்லை.

இப்போது புதிதாக எனக்கு ஊசி போடவில்லை, தம்பி. அதே மெழுகுக் கட்டி. மாதிரி சிறியது என்கிறாய், அதே சிறிய மாதிரியில்தான் அவர்கள் கண்டுபிடித்தார்கள். ஏழு மாதம் முன்னால் அந்தச் சாயத்தைப் போட உனக்கு என்ன தடை?

ஆபரேஷன் தேதியை நான் இன்னும் சொல்லவில்லை. காரணம் சொன்னால் சிரிப்பாய். எனக்கு வெளியே தலைகாட்ட வெட்கமாக இருக்கிறது.

சாகப்போகிறேன் என்று நான் சும்மாவா இருந்தேன்? வேலையை விட்டேன். தொழிற்சாலையில் கூட்டம் போட்டு, மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் கொடுத்து அழுதார்கள். மேலாளர் என்னைத் தெய்வம் என்றார். நல்ல புடவைகளை எல்லாம் தையல் வரிசைப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். என் நாத்தனாரை வரச்சொல்லி, இருபத்திரண்டு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்த அத்தனையையும் கொட்டினேன், ஒன்றுவிடாமல். போகிறவள் பேசுகிறாள் என்று அவள் வாயைத் திறக்காமல் கேட்டு, கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் வந்து என் தலைமாட்டில் உட்காருகிறாள். அவளிடம் போய், "நான் போகலே, இருக்கேன்" என்று எப்படிச் சொல்வது? மகள் வெளியூர் வேலையை உதறிவிட்டு என்னோடு இருக்க வந்துவிட்டாள். அந்த இடத்தில் வேறு ஆள் சேர்ந்தாயிற்று.

ஊரைக் கூட்டி விடைபெற்றவள் திரும்பி வந்தால் ஏமாற்றுக்காரி மாதிரி இருக்கிறது.

அது போகட்டும். அன்றைக்கும் சாயம் போடாமலே ஒருவர் உறுதியாகச் சொன்னார். இன்றைக்கு இன்னொருவர் உறுதியாகச் சொல்கிறார். இதை நம்பி நெஞ்சைப் பிளக்கக் கொடுக்கவா? நீ நேராகப் பதில் சொல்லாதவரை நான் தேதி சொல்லப் போவதில்லை.

அக்கா


மார்ச் 20

அக்கா,

தடை எதுவும் இல்லை. இரண்டு வரிச் சீட்டு எழுதிக் கேட்டிருந்தால் உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து மெழுகுக் கட்டியை அனுப்பியிருப்பார்கள். நான் எழுதவில்லை. முந்தைய கடிதத்தில் உன்னிடம் மழுப்பினேன். அந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்து எழுதினேன், ஒவ்வொரு தடவையும் நான் இல்லாத மாதிரி வாக்கியத்தை மாற்றினேன்.

நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரர்களின் கண்ணாடித் தகடு வந்தால் அடுத்த மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். எழுதி ஒட்டாத சட்டம், ஆனால் யாரும் மீறியதில்லை. எனக்கென்று இன்னொரு பழக்கமும் உண்டு. நோயாளியின் படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணாடியை முதலில் பார்ப்பேன். வயது என்ன, ஏற்கெனவே என்ன நோய் என்று தெரிந்துவிட்டால் கண் அதையே தேடும். பார்த்து முடித்து மனதுக்குள் ஒரு பெயர் சொன்ன பிறகுதான் படிவத்தைத் திருப்புவேன். பதினெட்டு வருஷமாக மாணவர்களுக்கும் அதைத்தான் சொல்லித் தருகிறேன்.

உன் பெட்டி வந்த அன்று கவிழ்த்து வைக்கப் படிவமே இல்லை. சட்டைத் துணியில் சுற்றி, உன் கையெழுத்தில் என் பெயர் எழுதி வந்த பெட்டி. உள்ளே இருப்பது யார், மார்பில் என்ன இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும். அடுத்த மேசையில் இருப்பவர் கையை நீட்டினார். "என் அக்கா என்னைத்தான் பார்க்கச் சொல்லியிருக்காங்க" என்று பெருமையாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

புற்று அணுக்கள் முதல் பார்வையிலேயே தெரிந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண் கலங்கினால் நுண்ணோக்கியில் எதுவும் தெரியாது அக்கா, எல்லாம் நீர் விட்ட மை மாதிரி இருக்கும். பக்கத்தில் இரண்டு மாணவர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் அழுதுவிடுவேனோ என்ற வெட்கத்தில் சீக்கிரம் முடித்துவிட்டு எழுந்து போக வேண்டும் என்ற நினைப்புதான் எனக்கு இருந்தது. மார்பிலிருந்து பரவியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மொத்தம் ஆறு நிமிடம். முன்பின் தெரியாத ஆளுடையது என்றால் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன், சாயம் கேட்டு எழுதியிருப்பேன்.

உன் முதல் கடிதம் வந்ததும் இழுப்பறையிலிருந்து அந்தத் தகட்டை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு இடம் இருக்கிறது. அதைப் பார்த்தால் இரண்டாம் ஆண்டு மாணவன்கூட, இது நுரையீரலுடையதாக இருக்குமோ என்று கேட்பான். அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் உனக்கு அந்த மழுப்பல் கடிதத்தை எழுதினேன். தப்பு செய்ததைவிட அதுதான் எனக்குக் கேவலமாக இருக்கிறது.

என்னை நம்பச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் இப்போது சொன்னவர்கள் விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். நுரையீரலுக்கென்று உள்ள சாயம் பிடித்திருக்கிறது, மார்புக்கென்று உள்ள சாயம் பிடிக்கவில்லை. அவர்களை நம்பு. என்னைத் திட்டுவதற்காக ஆபரேஷனைத் தள்ளிப் போடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 2

அக்கா,

பதில் இல்லை. அத்தானுக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். உன் மகள் மட்டும் ஒரு வரி அனுப்பினாள், அம்மா இன்னும் தேதி சொல்லவில்லை என்று.

நான் போன வாரம் எங்கள் பிரிவுத் தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். உன் பெயர், உறவு, ஆறு நிமிடம், எல்லாவற்றையும். அவர் கத்தியிருந்தால் தேவலை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, "உங்களுக்கு யாராவது சாயம் போட்டுப் பார்க்கணும்னு சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். ஆகஸ்டை ஒட்டிய ஆறு மாதத்தில் நான் கையெழுத்துப் போட்ட புற்றுநோய் அறிக்கைகள் எல்லாவற்றையும் வேறு இருவரை வைத்து மறுபடி பார்க்கச் சொன்னார். அதுவரை நான் கையெழுத்துப் போடக்கூடாது. ஒன்பது நாள் நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். மாணவர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள்.

நேற்று முடிவு வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு அறிக்கைகள். எதிலும் தப்பில்லை, உன்னுடையதைத் தவிர. தலைவர் அதை ஆறுதலாகச் சொன்னார். எனக்கு அந்த நானூற்றுப் பதினொரு பேர் முகமும் தெரியாது. அவர்களுக்கெல்லாம் ஒழுங்காகப் பார்த்திருக்கிறேன்.

நீ என்னோடு பேச வேண்டாம். தேதியை மட்டும் சொல்லிவிடு, டாக்டரம்மாவிடம். நாத்தனார் வந்து உட்கார்ந்தால் உட்காரட்டும். புடவை இல்லாவிட்டால் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு போ. பிழைத்து வந்ததற்காக யாரும் உன்னைக் கேவலமாகப் பார்க்க மாட்டார்கள். அப்படிப் பார்க்கப்பட வேண்டிய ஆள் நான் இங்கே இருக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 11

தம்பிக்கு,

பதினெட்டாம் தேதி ஆபரேஷன். முதலில் நுரையீரல்.

உன் இருபதாம் தேதிக் கடிதத்தை அத்தான் எடுத்துப் படித்துவிட்டார். வாசலில் நின்றபடியே முழுதும் படித்தார். நீ இனி இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். மகளும் அதையே சொல்கிறாள். நாத்தனார்வரை விஷயம் போய்விட்டது. நான் மறுத்து ஒன்றும் பேசவில்லை.

நீ வர வேண்டாம். வந்தால் ஆஸ்பத்திரியில் ரகளையாகும். உன் தலைவரிடம் நீயாகப் போய்ச் சொன்னதைப் படித்தேன். அதைப் பற்றி இப்போது எழுத என்னால் முடியவில்லை.

அக்கா


மே 6

பூதக்கண்ணாடிக்கு,

இந்தக் கடிதத்தைத் தவணை முறையில் எழுதுகிறேன். நாலு வரி எழுதினால் மூச்சு வாங்குகிறது. வலது விலாவில் தையல், எண்ணிப் பார்த்தேன், இடைவெளி ஒரே சீராக இருக்கிறது. தைத்தவர் கைக்கு எங்கள் தையல் வரிசையில் வேலை கொடுக்கலாம்.

எடுத்த துண்டை ஆய்வுக்கு அனுப்பும்போது, யாரிடமாவது குறிப்பாக அனுப்ப வேண்டுமா என்று கேட்டார்கள். வரிசைப்படி யாரிடம் போகிறதோ போகட்டும் என்றேன். நேற்று அறிக்கை வந்தது. நுரையீரலுடையதேதான். கட்டி முழுதாக வந்துவிட்டது. பக்கத்தில் எடுத்த பதினோரு நெறிக்கட்டிகளில் ஒன்றில் மட்டும் நோய் போய் உட்கார்ந்திருக்கிறது. அதனால் மருந்து ஏற்ற வேண்டுமாம், நாலு முறை. மார்பு ஆபரேஷன் அதற்கேற்பத் தள்ளிப் போகும். பிழைக்க வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது என்கிறார் டாக்டரம்மா.

ஆகஸ்டிலேயே எடுத்திருந்தால் அந்த ஒன்றும் சுத்தமாக இருந்திருக்குமா என்று அத்தான் கேட்டார். சொல்ல முடியாது, இருந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அத்தான் உன்னை என்னென்னவோ சொன்னார். அப்போது டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைதான் இந்தக் கடிதத்தை எழுதவைக்கிறது.

உங்கள் தலைவர் உன்னிடம் கேட்டாராமே, சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லி யாராவது சொன்னார்களா என்று. உன்னிடம் யாரும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார்கள்.

ஆகஸ்டில் உன் அறிக்கையோடு போய் உட்கார்ந்தபோதே டாக்டரம்மா சொன்னார், ஒற்றைப் புள்ளியாக இருக்கிறது, எதற்கும் மெழுகுக் கட்டியை வெளியே அனுப்பிச் சாயம் போட்டுப் பார்த்துவிடலாம், பத்து நாள் ஆகும் என்று. அன்றைக்கு அத்தான் மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தார். அறையில் நானும் டாக்டரம்மாவும் நர்சும் மட்டும்தான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் தம்பி பார்த்தாச்சு. அவன் பார்த்ததுக்கு மேலே இன்னொருத்தர் பார்க்க என்ன இருக்கு?" என்றேன். அவர் விடவில்லை, எடுத்துச் சொன்னார். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். அந்தத் தாள் என் கோப்பில் இரண்டாவது பக்கத்தில் இருக்கிறது.

விளக்குப் பெட்டி இல்லாமல் துணி விடமாட்டேன் என்று உனக்கு எவ்வளவு நீட்டி எழுதினேன். எழுதும்போது அந்தத் தாள் ஞாபகத்தில் இருந்தது. இருந்தும் எழுதினேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே. முதலில் மறந்துவிட்ட மாதிரி இருந்தேன். பிறகு உன் மழுப்பல் கடிதம் வந்தது, கோபப்பட எனக்கு வசதியாகப் போயிற்று. பிறகு நீ எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எழுதினாய். அதைப் படித்த அன்றே எழுதியிருக்க வேண்டும். அத்தான் உன்னைத் திட்டத் திட்ட, என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது தம்பி. நீ ஒன்பது நாள் நூலகத்தில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்ததைப் படித்த பிறகும் அந்த நிம்மதி போகவில்லை. பதினொன்றாம் தேதி உனக்கு எழுதிய நாலு வரியிலும் அதை விட்டுவிட்டுத்தான் எழுதினேன். என்னைப் பற்றி எனக்கு இப்படி ஒரு விஷயம் தெரிய வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

உன் தப்பு உன் தப்புதான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. படிக்காதவள் மறுத்தேன், படித்தவன் நீ கேட்டிருக்க வேண்டும். ஆனால் உன்னை இந்த வீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு நான் உள்ளே நோயாளியாகப் படுத்து எல்லாரிடமும் பணிவிடை வாங்கிக்கொண்டிருப்பது சரியில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தான், மகள், நாத்தனார் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று இரண்டு ஞாயிறு பார்த்துவிட்டேன். வாயைத் திறந்தால் மகள் தலையணையைச் சரி செய்கிறாள், என்ன வேண்டும் என்கிறாள். தண்ணீர் என்று சொல்லிவிடுகிறேன்.

இந்த ஞாயிறு நீ வா. அத்தான் கதவைத் திறக்க மாட்டார், நான் எழுந்து வந்து திறக்கிறேன், இப்போது பத்தடி நடக்கிறேன். அவர் கத்துவார், நீ பதில் பேசாதே. என் பக்கத்தில் வந்து உட்கார். எனக்காகப் பேச வேண்டாம், என்னைத் தேற்றவும் வேண்டாம். நான் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திரு. தனியாக எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்கா